கமராவும் கைந்நடுக்கமும்

செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என நிலையாமையை மூவகையாகப் பகுத்து எம் முன்னோர் பலபடப் பேசியுள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அம்மூன்றனுள் ஒன்றன்று. கை நிலையாமை பற்றியே சில கூறப் புகுந்தோம். வீடியோ கமராவைக் கையிற் பிடித்தார் எவராயினும் அவர் கை அசையும். அவ்வசைவு படத்திலே தோன்றாவண்ணம் தடுப்பதற்கென ஒரு பொறி இன்று ஏறக்குறைய எல்லாக் கமராக்களிலும், விலையுயர்ந்த கைத்தொலைபேசிகள் பலவற்றிலும் அமைந்துள்ளது. அதனை எப்பொழுது இயங்கவிடுதல் வேண்டும், எப்பொழுது நிறுத்திவைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவாரும் உளராகலாம். யூபிலி ஆண்டை முன்னிட்டு முதிய ஆசிரியர்களும் மூத்த பழைய மாணவர்களும் கூறும் நினைவுரைகளைப் பதிவுசெய்து கல்லூரி நூலகத்திற் சேர்த்துவைக்கும் பணி தமிழ்ப் பகுதியினரிடமும் மாணவர் ஊடகக் கழகத்தினரிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இதுவரை சேர்ந்த பதிவுகளை ஒருசேர இருந்து பார்த்தபொழுது இரண்டு எம் மனத்தை உறுத்தின. ஒன்றிலே, எண்பத்தெட்டு அகவை நிரம்பிய ஆசிரியர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசுகின்றார். கமராவோ முக்காலியின்மேல் அசைவற்று நிற்கின்றது. ஆயினும் அவர் முகம் மெல்ல மெல்ல இடப்புறமாக நகர்ந்து சென்று, திடீரெனப் பழைய இடத்துக்குத் துள்ளி வருகின்றது, மீண்டும் நகர்கின்றது. மற்றொன்றிலே, மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கமராவைக் கையிற் பிடித்து, உருவை இயன்ற மட்டும் பெருப்பித்து எடுத்திருக்கின்றார். அதிற் பேசுபவரின் தலை, நீரிலே தோன்றும் நிழல்போல ஓயாது நடுங்குகின்றது. முன்னதில் இயங்கக்கூடாத பொறி இயங்கியது. பின்னதில் இயங்கவேண்டிய பொறி நிறுத்தப்பட்டிருந்தது. முதற் பதிவிற் பேசிய பெரியார் இப்பொழுது எம்மிடையே இல்லை. அவரை மீண்டும் ஒருமுறை இருத்தி வைத்து எடுத்தல் இனி இயலாது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது குடும்பப் படங்களையும் கடிதங்களையும் விட்டு வெளியேறியோர் பலர். எழுத்தாலும் படத்தாலும் இழந்தவற்றுள் ஒரு பகுதியை இன்று வாய்மொழியாலன்றிப் பெறமுடியாத நிலையில் இருக்கின்றோம். அவ்வாய்மொழி பதியப்படும் கருவியின் ஆளி ஒன்று எப்பக்கம் இருத்தல் வேண்டும் என்பது அத்துணைச் சிறிய விடயம் அன்று.

இனி, பொருளுக்கு வருவோம். ஆறாம் வகுப்பு மாணவரும் அறிந்த இலக்கணம் ஒன்று ஈண்டு எமக்கு உதவுகின்றது. ‘கை அசைந்தது’ என்பது தன்வினை. ‘கையை அசைத்தான்’ என்பது பிறவினை. முன்னது தானே நிகழ்வது. பின்னது ஒருவன் கருதிச் செய்வது. கமராவுக்கும் இவ்விருவகை அசைவும் உண்டு. பிடித்திருப்போன் அறியாமலே அது நடுங்குவது தன்வினை. ஓடிவரும் மாணவனைத் தொடர்ந்து அவன் கமராவைத் திருப்புவது பிறவினை. முன்னதை அடக்குதலும் பின்னதற்கு இடங்கொடுத்தலுமே படத்தை நிலைநிறுத்தும் பொறியின் கடமை. ஆனால் அப்பொறிக்கு எமது கருத்துத் தெரியாது. அசைவின் வேகத்தையும் அளவையுங்கொண்டு இது தன்வினை, இது பிறவினை என அது ஊகித்துக்கொள்கின்றது. ஊகம் சரியாயின் படம் அமைதியாக இருக்கும்; ஊகம் பிழைத்தவிடத்துப் படம் கெடும். இப்பொறியின் பயன்பாடு பற்றிய விதிகள் பெரும்பாலும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

கையசைவு எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். நோயற்ற மனிதன் ஒருவனது கையும் செக்கனுக்கு 8 முதல் 12 தடவை வரை நுண்ணியதாக நடுங்கும். இஃது உடற்கூற்றின் இயல்பு. மன உறுதியால் முற்றாக நிறுத்தத்தக்கதன்று. நடக்கும்போது செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கின்றோம். ஒவ்வோர் அடிக்கும் உடல் ஏறி இறங்குகின்றது. மூச்சுக் காரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மார்பும் அதனோடு முழங்கையும் உயர்ந்து தாழ்கின்றன. இவற்றோடு, நெடுநேரம் பிடித்திருத்தலாற் கை களைத்துத் தாழ்தலும் உண்டு. விரைவான நடுக்கத்தை அடக்குதல் பொறிக்கு எளிது. மெதுவான அசைவை அடக்குதலே அரிது. ஏனெனில் மெதுவான அசைவு, கருதித் திருப்பும் அசைவைப் போலவே அதற்குத் தோன்றும்.

அசைவை அறிவதற்குக் கமராவினுள்ளே சுழற்சியுணரி எனத்தக்க ஒரு சிறு உறுப்பு உண்டு. அதனுள் நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கும். கமரா திரும்பும்போது கொரியோலிசு விசை அத்துண்டைப் பக்கவாட்டில் இழுக்கும். அவ்விழுவையை மின்முறையால் அளந்து, கமரா எத்திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்பியது என்பது கணிக்கப்படுகின்றது. ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இவ்வுணரி அறிவது திரும்புதலையேயன்றி இடம்பெயர்தலை அன்று. கமரா திரும்பாமல் நேரே மேலுங்கீழுமாக ஏறியிறங்கினால், அதனை இவ்வுணரி காணாது. அண்மையிலுள்ள பொருளைப் பெருப்பித்து எடுக்கும் சில கமராக்களில் இடப்பெயர்வை அறியும் உணரியும் சேர்க்கப்பட்டுள்ளதாயினும், பெரும்பாலான பொறிகள் திரும்புதலைத் திருத்துவதையே முதன்மையாகக் கொண்டன.

அறிந்த அசைவைத் திருத்தும் வழிகள் மூன்று. முதலாவது, வில்லைத் தொகுதியினுள் ஒரு வில்லையைக் காந்தச் சுருள்களால் எதிர்ப்புறம் நகர்த்துதல். 1990களின் தொடக்கத்திலே வெளிவந்த வீடியோ கமராக்கள் சிலவற்றில் இதற்கு ஓர் அழகிய உபாயம் கையாளப்பட்டது. இரு கண்ணாடித் தகடுகளைத் துருத்தி போன்ற விளிம்பால் இணைத்து, இடையே திரவம் நிரப்பி, தகடுகளின் சாய்வை மாற்றுவதால் ஒளியின் வழியைத் திருப்பினர். நிழற்படக் கமராவுக்கெனக் கழற்றி மாட்டத்தக்க வில்லைகளுள் இத்தகைய பொறியை முதன்முதற் கொண்டு வந்தது 1995இல் கனன் நிறுவனம் வெளியிட்ட 75–300 மில்லிமீற்றர் வில்லையாகும். இரண்டாவது வழி, வில்லையை விட்டு, படம் விழும் உணரித் தகட்டையே நகர்த்துதல். 2003இல் மினோல்டா நிறுவனம் தன் கமரா ஒன்றில் இதனைக் கொணர்ந்தது. மூன்றாவது வழியில் உறுப்பு எதுவும் அசைவதில்லை. பதிவாகும் படத்தின் ஓரத்தைச் சிறிது ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் வேண்டியவாறு அவ்வெல்லையை இடம்மாற்றி வெட்டிக்கொள்வர். இது மின்னணு முறை எனப்படும். கைத்தொலைபேசிகளிலே 2012இல் வந்த நோக்கியா லூமியா 920 முதலாக வில்லையை அசைக்கும் முறையும் இடம்பெறலாயிற்று. இன்று ஒரே தொலைபேசியில் இருமுறையும் சேர்ந்து இயங்குவதும் வழக்கம்.

இம்மூன்றும் கமராவினுள்ளே நிகழ்வன. கமராவையே தாங்கி நிறுத்தும் வெளிக்கருவிகள் வேறு. அமெரிக்கரான கரெட் பிரவுன் அமைத்த ஸ்ரெடிகாம் என்னும் தாங்கி 1976இல் வெளிவந்த ‘பவுண்ட் போர் குளோரி’ என்ற திரைப்படத்தில் முதலிற் பயன்பட்டது. அதற்கும் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1896இல், லூமியர் சகோதரரின் படப்பிடிப்பாளரான அலெக்சாந்தர் புரோமியோ வெனிஸ் நகரத்துக் கால்வாயிலே படகின்மேற் கமராவை நிறுத்திக் கரையோரத்து மாளிகைகளைப் படமெடுத்தார். அமைதியான நீரே அவருக்கு நிலைநிறுத்தும் பொறி ஆயிற்று. எம்மவர் கடலிலே நீர் அத்துணை அமைதியாக இருப்பதில்லை. அது பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

பொறியை இயக்கவேண்டிய முதலிடம் யாதெனின், தொலைவிலுள்ள உருவைப் பெருப்பித்துக் கையால் எடுக்கும் இடமாகும். இதனைக் கணக்கால் விளக்குவோம். 36 மில்லிமீற்றர் அகலமான உணரித் தகடு கொண்ட கமராவில் 28 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையைப் பொருத்தினால் ஏறக்குறைய 65 பாகை அகலமான காட்சி அடங்கும். 300 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால் 7 பாகைக்கும் சற்றுக் குறைவான காட்சியே அடங்கும். கை, பாகையிற் பத்திலொரு பங்கு திரும்பியதாக வைத்துக்கொள்வோம். முதல் வில்லையிலே படம் தன் அகலத்தில் அறுநூறில் ஒரு பங்கிலும் குறைவாகவே நகரும், பார்ப்போர் உணரமாட்டார். இரண்டாவதில் அதே நடுக்கத்தால் எழுபதில் ஒரு பங்கு நகரும். மைதானத்தின் மறுகோடியில், நூறு மீற்றர் தொலைவிலே நிற்கும் மாணவனை இவ்வில்லையால் எடுத்தால் 12 மீற்றர் அகலமான காட்சி கிடைக்கும். அதிலே அவன் 17 சென்ரிமீற்றர் இங்குமங்குமாகத் துள்ளுவான். துடுப்பாட்டத்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று எடுப்போரும், பரிசளிப்பு விழாவை மண்டபத்தின் பின்னிருந்து எடுப்போரும் முக்காலி இல்லாதவிடத்து இப்பொறியை இயக்காதிருத்தல் பிழை. இயன்றால் பெருப்பித்தலைக் குறைத்து, எழுந்து முன்வரிசைக்குச் செல்லுதல் அதனினும் நன்று. நடுக்கத்துக்கு இதனை ஒத்த மருந்து பிறிதில்லை. ஆயினும் விழாத் தலைவரின் முன்னே சென்று நிற்க எம் மாணவர் நாணுகின்றனர்.

பொறி செய்யமாட்டாத ஒன்றையும் இவ்விடத்தே கூறிவிடுதல் நன்று. அது நிலைநிறுத்துவது கமராவையேயன்றி எதிரே உள்ள பொருளை அன்று. நூறு மீற்றரைப் பன்னிரண்டு செக்கனில் ஓடும் மாணவன் செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேற் செல்கின்றான். ஒவ்வொரு சட்டமும் செக்கனில் ஐம்பதிலொரு பங்கு நேரம் ஒளிபடுமாயின் அதற்குள் அவன் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் கடந்துவிடுவான். அவன் உருவம் மங்குவது இதனாலாகும். இம்மங்கலைப் போக்க ஒளிபடு நேரத்தைக் குறைத்தல் வேண்டும். நிலைநிறுத்தும் பொறியைக் குறைகூறிப் பயனில்லை.

அடுத்து முக்காலி. கமரா உறுதியான முக்காலிமேல் நிற்குங்கால் இப்பொறியை நிறுத்திவிடுதல் பொதுவிதி. நடுக்கமே இல்லாதவிடத்துப் பொறி இயங்கினால் என்ன கேடு என்று மாணவர் வினவுகின்றனர். உணரி எதுவும் முற்றும் வழுவற்றதன்று. கமரா அசையாதிருக்கும்போதும் அது மிக நுண்ணிய ஒரு திரும்புதலைக் காட்டிக்கொண்டிருக்கும். கைநடுக்கத்தின் நடுவே அச்சிறு வழு மறைந்துபோகும். எல்லாம் அசைவற்றிருக்கையில் அதுவே பெரிதாய்விடுகின்றது. இல்லாத அசைவை உள்ளதாகக் கருதிப் பொறி வில்லையை மெல்ல நகர்த்தும். நகர்த்தக்கூடிய எல்லையை அடைந்ததும் மீட்டு நடுவுக்குக் கொணரும். முன்னர்க் கூறிய பெரியாரின் முகம் நகர்ந்து துள்ளியது இதனாலேயே. புதிய கமராக்களுஞ் சில வில்லைகளும் தாம் முக்காலிமேல் இருத்தலைத் தாமே அறிந்து பொறியை அடக்கிக்கொள்கின்றன. ஆயினும் எது அறியும், எது அறியாது என்பதைக் கையேட்டிற் பார்த்தே துணிதல் வேண்டும். அறியும் என்று நம்பி நாற்பது நிமிடத்தைப் பணயம் வைத்தல் தகாது.

இவ்விதிக்குப் புறநடையும் உண்டு. பலகையாலமைந்த மேடைமீது முக்காலி நிற்க, அதன்மேல் நடனம் ஆடுவாராயின் அடிதோறும் கமரா அதிரும். கச்சான் காற்று வீசும் வெளியிலே மெல்லிய முக்காலியும் ஆடும். ஒற்றைக்காற் தாங்கியிலே கமரா முன்பின்னாகச் சாய்ந்துகொண்டிருக்கும். இவ்விடங்களிற் பொறியை இயங்கவிடுதலே பயன்தரும். முக்காலியின் நடுவே கனமான பையொன்றைத் தொங்கவிட்டுப் பார்த்து, அதன் பின்னரும் நடுக்கம் தீராவிடின் பொறியை நாடலாம்.

கருதித் திருப்புமிடம் இன்னும் நுட்பமானது. அஞ்சலோட்டத்தின் இறுதிச் சுற்றைப் படமெடுப்பவன் கமராவை இடமிருந்து வலமாகத் திருப்பிச் செல்கின்றான். தொடக்கத்திலே பொறி இதனை நடுக்கம் என ஊகித்து எதிர்த்து நிற்கும். படம் ஒட்டிக்கொண்டாற்போல் நிற்கும். பின் எதிர்க்க முடியாத எல்லை வந்ததும் விட்டுவிடும். படம் துள்ளிச் செல்லும். திருப்பி முடிந்து கை நின்ற பின்னும் படம் சற்றே ஓடி நிற்கும். பிறவினையைத் தன்வினை என மயங்கியதன் விளைவு இது. இதனைத் தவிர்க்கவே பல வில்லைகளில் இரண்டாம் நிலை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அந்நிலையிலே பொறி மேல்கீழ் நடுக்கத்தை மட்டுமே அடக்கி, பக்கவாட்டுத் திரும்புதலுக்கு வழிவிடும். ஓட்டப் போட்டிக்கும், வடம் பிடித்து இழுபட வீதிவலம் வரும் தேருக்கும் இந்நிலை பொருந்தும். அத்தகைய நிலை இல்லாத கமராவாயின், திருப்பத்தை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடித்தல் வேண்டும். முக்காலியின் தலையைத் திருப்பி எடுப்பதாயின் பொறி வேண்டியதே இல்லை. தேர்த் திருவிழாவிற் கமராவைக் கோபுரத்துக்கும் கூட்டத்துக்குமாகச் சுழற்றிச் சுழற்றி எடுப்பாரை எப்பொறியும் காப்பாற்றாது.

நடந்துகொண்டு எடுப்பதிலே மின்னணு முறை மிகவும் உதவுவது. ஓரத்தை நிரம்ப ஒதுக்கிவைப்பதால் பெரிய அசைவையும் அதனால் அடக்கமுடியும். அதற்குரிய விலை, காட்சியின் அகலம் குறைதலாகும். சிறிய வகுப்பறையிலே முப்பது மாணவரையும் ஒருங்கே காட்ட முயல்வார்க்கு இக்குறைவு பெரிது. அங்கே நின்றபடியே, மின்னணு முறையை நிறுத்தி, முழு அகலத்தையும் பெறுதல் நன்று. மேலும், முன்னர்க் கூறியபடி உடல் நேரே ஏறியிறங்குவதைச் சுழற்சியுணரி காணாதாகையால் அண்மையிலுள்ள பொருள் படத்திலே துள்ளவே செய்யும். மோட்டார் பொருத்திய கைத்தாங்கிகளும் திரும்புதலையே திருத்துவனவாகையால் அவற்றாலும் இது முற்றாகத் தீராது. முழங்காலைச் சற்று மடித்து, குதி முதலாக மெல்ல அடிவைத்து, நிறைகுடம் சுமப்பாரைப் போல நடந்து பழகுதலே வழி.

இரவிலே எடுப்பதற்குப் பகலின் விதி பொருந்தாது. இதனைப் பலர் அறியார். இருளிற் போதிய ஒளி பெறுவதற்காக ஒவ்வொரு சட்டத்தின் ஒளிபடு நேரமும் நீளும். அந்நேரத்துள் கை நடுங்கினால் அச்சட்டமே மங்கிப்போகும். வில்லையையோ உணரித் தகட்டையோ அசைக்கும் பொறி ஒளிபட்டுக்கொண்டிருக்கும்போதே திருத்துவதால் அம்மங்கலைக் குறைக்கும். மின்னணு முறையோ படம் பதிந்த பின்னரே அதன் எல்லையை நகர்த்துகின்றது. முன்னரே மங்கிய படத்தைத் தெளிவாக்க அதனால் இயலாது. விளைவு யாதெனின், காட்சி அசையாது நிற்க, விளக்குகள் மாத்திரம் விட்டுவிட்டு நீண்டும் குறுகியும் துடிக்கும். நடுக்கம் போய், நடுக்கத்தின் மங்கல் மட்டும் எஞ்சும். கோயில் வீதியில் இரவுத் திருவிழாவைக் கைத்தொலைபேசியால் எடுத்தார் பலரும் இத்துடிப்பைக் கண்டிருப்பர். அங்கே மின்னணு முறையை நிறுத்தி, வில்லை முறையை வைத்துக்கொண்டு, மதிலிலோ தூணிலோ தோளைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு அணைத்து எடுத்தல் தகும். விளம்பரங்களிலே இப்பொறி இத்தனை படி நன்மை தரும் எனக் கூறப்படுவது நிலைப்படம் எடுத்தலை அடிப்படையாகக் கொண்டது. செக்கனுக்கு இருபத்தைந்து சட்டம் எடுக்குமிடத்து ஒளிபடு நேரம் செக்கனில் இருபத்தைந்திலொரு பங்குக்கு மேற் செல்லாதாகையால், அவ்வெண் வீடியோ எடுப்பார்க்கு அதிகம் உதவுவதில்லை.

படகு பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகிலே மாணவன் ஒருவன் கமராவோடு இருக்கின்றான் எனக் கொள்வோம். அவன் தொலைவிலே தெரியும் அம்மன் கோபுரத்தை எடுப்பதாயின் பொறி இயங்கவேண்டும். படகின் ஆட்டத்தை அது குறைத்துக் கோபுரத்தை நிறுத்தித் தரும். அதே மாணவன் கமராவைத் திருப்பிப் படகினுள் அமர்ந்திருக்கும் தோழரை எடுக்கின்றான். இப்பொழுது தோழரும் படகும் கமராவும் ஒன்றாகவே ஆடுகின்றனர். அவன் கமராவை இருக்கையோடு பொருத்தியிருந்தால் படத்திலே அசைவே இராது. ஆனால் சுழற்சியுணரிக்குப் படகென்றும் கரையென்றும் தெரியாது. ஆட்டத்தை மட்டுமே அறியும். அது படகின் ஆட்டத்தைத் திருத்த முற்பட்டு, அசையாதிருந்த தோழரைப் படத்திலே அசைத்துவிடும். வண்டியின் முன்பலகையிற் கமராவைப் பொருத்தி உள்ளிருப்போரை எடுத்தாலும் வளைவுதோறும் இவ்வாறே நேரும். ஆகவே, எடுக்கப்படும் பொருள் கமராவோடு சேர்ந்து அசைகின்றதா, தனித்து நிற்கின்றதா என்பதைக் கேட்டுக்கொண்டே ஆளியைத் தொடுதல் வேண்டும்.

வண்டியிற் செல்கையிற் கமராவைக் கண்ணாடிச் சட்டத்திலோ கதவிலோ ஊன்றிப் பிடித்தலாகாது. இயந்திரத்தின் விரைந்த அதிர்வு அதன்வழியே நேரே கமராவிற் சேரும். கையிற் பிடித்தால் உடலே அவ்வதிர்வைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எஞ்சியதைப் பொறி அடக்கும். மோட்டார் சைக்கிளின் கைபிடியிலே தொலைபேசியை இறுகப் பொருத்திக்கொண்டு திரிவோர் எம்மூரில் மிகுந்துள்ளனர். அவ்வாறு நெடுநாட் பொருத்திவைத்தால் வில்லையை அசைக்கும் நுண்பொறி பழுதாகக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. பழைய மாணவர் பலர் இதழைப் படித்தவுடன் சென்று கழற்றி வைப்பரென நம்புகின்றோம்.

ஐயமான இடங்களிற் சோதித்தறிதலே சாலும். எடுக்கப்போகும் இடத்திலேயே நின்று, பொறியை இயக்கி இருபது செக்கனும் நிறுத்தி இருபது செக்கனும் எடுத்து, இரண்டையும் பெரிய திரையிற் பார்த்தல் வேண்டும். கமராவின் சிறு திரையிலே நடுக்கம் தெரியாது.

பின்னர்க் கணினியிலே திருத்திக்கொள்ளலாமே என்பாரும் உளர். திருத்தலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு சட்டமும் மங்காதிருத்தல் வேண்டும். சுற்றிலும் வெட்டுதற்குரிய இடம் விடப்பட்டிருத்தலும் வேண்டும். கமராவிலே ஒருமுறையும் கணினியிலே ஒருமுறையுமாக மின்னணு முறையால் வெட்டினால், பேசுவோரின் நெற்றியும் நாடியுமே மிஞ்சும். நூலகத்துக்கு அளிக்கும் பதிவாயின், திருத்திய பிரதியோடு திருத்தாத மூலத்தையும் அளித்தல் கட்டாயம். இன்று இயலாத திருத்தம் பின்னொரு காலத்தில் இயலக்கூடும். மூலத்தை அழித்தார்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

நினைவுரைப் பதிவுக்கென ஊடகக் கழக மாணவருக்கு நாம் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு பின்வருமாறு. பேசுபவரை நன்கு சாயத்தக்க கதிரையில் இருத்தி, கமராவை அவர் கண்ணளவு உயரத்தில் முக்காலிமேல் வைத்தல். பொறியை வில்லையிலும் கமராவிலும் ஆகிய ஈரிடத்தும் நிறுத்துதல், ஏனெனில் சில கமராக்களில் ஆளி ஒன்றுக்கு மேற்பட்டது. பின்னர் முதல் ஒரு நிமிடத்தை எடுத்து, சுவரிலுள்ள படத்தின் விளிம்பு நகர்கின்றதா எனப் பார்த்தல். பொறியை நிறுத்துவதால் வேறிரு நன்மையும் உண்டு. வில்லையை அசைக்கும் சுருள்களின் மெல்லிய இரைச்சல், கமராவோடு சேர்ந்த ஒலிவாங்கியிற் பதியாதொழியும். முதியோர் குரல் தாழ்ந்து, இடையிடையே மௌனமும் நேரும் உரைகளில் இவ்விரைச்சல் நன்கு கேட்கும். மின்கலமும் சற்று நீடித்து உழைக்கும்.

முதியோர் எப்பொழுதும் கதிரையிலேயே இருந்துவிடுவதில்லை. பேச்சின் நடுவே பழைய வகுப்பறையின் நினைவு வர, எழுந்து, ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு, “இந்த யன்னலோரந்தான் எங்கட வாங்கு இருந்தது” என்று நடக்கத் தொடங்குவர். அத்தகைய வேளையில் அவரை மீண்டும் இருக்கச் சொல்லுதல் தகாது. கமராவை முக்காலியிலிருந்து கழற்றும் மாணவன் முதலிற் பொறியின் ஆளியைப் போட்டு, பெருப்பித்தலை முற்றாகக் குறைத்து, அவருக்கு இரண்டு அடி பின்னே, அவர் நடக்கும் வேகத்திலேயே நடத்தல் வேண்டும். மற்றொருவன் ஒலிவாங்கியைக் கொண்டு பக்கத்திற் செல்லுவான். அவர் நின்று கைநீட்டிக் காட்டும்போது கமரா உடனே அத்திசைக்குப் பாயாது, அவர் முகத்திற் சற்று நின்று, பின் மெதுவாகத் திரும்பி யன்னலைக் காட்டும். அவர் மீண்டும் கதிரைக்கு வந்து அமர்ந்ததும் கமரா முக்காலியில் ஏறும், ஆளி அணைக்கப்படும்.